உப்புக் காற்றும் ஒலிபெருக்கியும்

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் கடைசி வாரம். வங்கக் கடலில் உருவான ஃபெஞ்சல் புயல் கரையை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அது எவ்விடத்தில் கரையேறும், எந்நேரத்தில் கரையேறும் என்று மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையுள்ள ஊர்களில் எல்லாரும் செவியைத் தீட்டிக்கொண்டிருந்தனர். அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுது இடையஞ்சாவடியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மூதாட்டியார் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார். திரையில் கடலின் படம் தெரிகிறது; புயலின் சுழி தெரிகிறது; செய்தி படிப்பவருடைய வாய் அசைகிறது; அடியில் எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன. ஆனால் ஓசை மட்டும் இல்லை. அம்மூதாட்டியாருக்கு எழுத்து வாசனை கிடையாது.

"பொம்ம ஓடுது தம்பி, பேச்சுதான் காணோம். நாலு மாசமாச்சு" என்றார்.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா ஆயா?"

"காட்டினோம். இது தேறாது, புதுசு வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க."

மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியை நெடுநேரம் ஆறவிட்டு, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்த இடத்தில் களிம்பு ஏறி, பாசி படர்ந்தாற்போல் பச்சையாக இருந்தது. கம்பி ஒட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது. விரல் பட்டதும் உதிர்ந்து விழுந்தது. களிம்பைச் சுரண்டிச் செம்பு பளிச்சிடச் செய்து, மீண்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் பேச்சு வந்துவிட்டது. கையில் எடுத்துச் சென்றிருந்த ஈயக் கம்பியில் ஓர் அங்குலம் குறைந்தது. வேறு செலவு இல்லை. புயல் அம்மாதம் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் நிற்கும்வரை அவ்வீட்டுப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

புதுப்பெட்டி வாங்குமாறு சொன்னவரைப் பழிக்க நான் முன்வரவில்லை. பழைய பெட்டியைத் திறப்பதற்கு அவருக்கு ஆகும் நேரத்திற்குக்கூட அவ்வேலை கூலி தராது. ஆனால் நம் கடற்கரையில் ஊமையாகிவிட்டனவென்று ஒதுக்கப்படும் பெட்டிகளுள் பல உயிர் போனவை அல்ல, தொண்டை கட்டியவையே. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம், எதுவரை வீட்டிலிருப்போர் கை வைக்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்பவற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

ஒலிபெருக்கி என்று நாம் வழங்கும் பெயர் சற்றே பிழையானது. அது எதையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலையைச் செய்வது பெட்டிக்குள் பலகையில் இருக்கும் மின்னணுச் சில்லு. அது தரும் மின்னோட்டத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது மட்டுமே ஒலிபெருக்கியின் தொழில். கடைக்காரர் இதனை ஸ்பீக்கர் என்பார். பெயர் எதுவாயினும் உள்ளே இருப்பன சிலவே: வட்டமான ஒரு காந்தம், அதன் நடுவே வளையம் போன்ற ஓர் ஒடுங்கிய இடைவெளி, அவ்விடைவெளியில் எங்கும் தொடாமல் தொங்கும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், அச்சுருளோடு ஒட்டிய காகிதப் புனல். சுருளில் மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது காந்தம் அதனை வெளியே தள்ளுகிறது. எதிர்த் திசையில் பாயும்போது உள்ளே இழுக்கிறது. சுருளோடு காகிதமும் முன்னும் பின்னும் அசைகிறது; காகிதம் காற்றை அசைக்கிறது; காற்று நம் செவியை வந்தடைகிறது. இப்போது என் குரல் உங்களை எட்டுவதும் அவ்வழியாகத்தான்.

இவ்வமைப்பின் கருத்தை ஜெர்மானியரான சீமென்ஸ் 1874-ஆம் ஆண்டிலேயே காப்புரிமைப் பத்திரத்தில் எழுதிவைத்தார். ஆயினும் அதனைத் தெளிவாகப் பேசும் கருவியாக்கியவர்கள் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர், ஆண்டு 1925. சென்னையில் 1938 ஜூன் 16-ஆம் நாள் வானொலி நிலையம் தொடங்கிய காலத்து வால்வு ரேடியோவில் இருந்ததும், 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்துப் பெட்டியில் இருந்ததும், இன்று சுவரில் மாட்டும் தட்டைப் பெட்டியில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றே. அதனால்தான் ஒன்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு மற்றவையும் கைவருகின்றன.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மரக்காணத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஆண்டின் தொடக்கத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை வரும்வரை அங்கே உப்பு விளைகிறது. கடலிலிருந்து வீசும் கொண்டற்காற்று, அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைச் சுமந்து வருகிறது. துளியிலுள்ள நீர் வழியிலேயே வற்ற, உப்புத் துகள் வீட்டுக்குள் நுழைந்து சன்னற்கம்பியில், பூட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் சல்லடைத் துளைகளில் படிகிறது. காய்ந்த உப்பு தன்னளவில் பெருந்தீங்கு செய்வதில்லை. தீங்கு வருவது அது நீர்க்கும்போது.

மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி நீர்த்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் அவ்வீரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பிலோ சோற்றுப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பு வாரிய பின் பாத்தியில் எஞ்சும் நீர் கசப்பதற்குக் காரணம் இதுவே. மக்னீசியம் குளோரைடுக்கு நூற்றுக்கு 33 அளவு ஈரப்பதமே போதும். அவ்வளவு வறண்ட காற்று நம் கடற்கரையில் என்று வீசும்? ஆகவே, உலோகத்தின் மேல் படிந்த கடலுப்பு ஆண்டில் பெரும்பாலான நாள்களில் ஓர் ஈரப்போர்வையாகவே இருக்கிறது. நீரோடு உப்பும் சேர்ந்த அப்போர்வையின் கீழ்ச் செம்பு பச்சைக் களிம்பாகவும் இரும்பு செந்துருவாகவும் மாறுகின்றன.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. பலரும் நினைப்பது போல ஒலிபெருக்கியின் காந்தம் இங்கே துருப்பிடிப்பதில்லை. இன்று பெருவழக்காக உள்ள கருநிறக் காந்தம் 1950-களில் ஹாலந்து நாட்டிலிருந்து பரவிய ஃபெரைட் வகை. அதுவே ஓர் ஆக்சைடு ஆதலின் மேலும் துருவாக இடமில்லை. துருப்பிடிப்பது காந்தத்திற்கு முன்னும் பின்னும் உள்ள இரும்புத் தட்டுகள். அவற்றின் வெளிப்புறம் துத்தநாகப் பூச்சால் மின்னும். உள்ளே, சுருள் அசையும் ஒடுங்கிய இடைவெளியில், பூச்சு மிக மெல்லியதாக இருக்கலாம். துரு என்பது தான் தோன்றிய இரும்பைப் போல இருமடங்குக்கும் மேல் இடம் கொள்வது. சிறு ஒலிபெருக்கியில் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே. அதில் துரு பொருமினால் சுருள் உராயத் தொடங்குகிறது. முதலில் உரத்த ஓசையில் மட்டும் கரகரப்பு. பிறகு எப்போதும் கரகரப்பு. பிறகு சுருளின் மேற்பூச்சு தேய்ந்து கம்பி அறுந்து, முழு அமைதி. தட்டைப் பெட்டிகள் சிலவற்றில் இடம் குறைவு கருதி நியோடிமியம் என்னும் வலிய சிறு காந்தம் வைக்கிறார்கள். அது மேற்பூச்சு கீறப்பட்டால் தானும் துருவேறிப் பொடியாகும் இயல்புடையது.

இடையஞ்சாவடி கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது. உப்புக் காற்று அங்கும் எட்டுகிறது. அதனோடு வேறொன்றும் சேர்கிறது. செம்மண் புழுதி! மணலில் காந்தத்தைப் புரட்டினால் கருந்துகள்கள் மயிர் போல ஒட்டிக்கொள்வதைச் சிறுவரும் அறிவர். ஒலிபெருக்கியும் ஒரு காந்தமே அன்றோ? புழுதியோடு வரும் இரும்புத் துகள்கள் காகிதத்தின் கிழிசல் வழியாகவோ பின்புறத் துளை வழியாகவோ உள்ளே புகுந்து, காந்தம் மிகுந்துள்ள அந்த ஒடுங்கிய இடைவெளியைத் தேடிச் சென்று அமர்கின்றன. ஊதினாலும் அவை வெளியே வருவதில்லை. குளவிகளும் தம் பங்கைச் செய்கின்றன. சல்லடைக்குப் பின்னே மண்கூடு கட்டி, காகிதப் புனலையே சுவரோடு பூசிவைத்த ஒரு குளவியின் கைவண்ணத்தை நானே கண்டிருக்கிறேன்.

பெட்டி ஊமையானால் உடனே திருப்புளியை எடுக்க வேண்டா. குறை பெட்டிக்கு வெளியே இருப்பதே மிகுதி. கேபிள் அல்லது டிஷ் இணைப்புக்கு ஒரு செட்டாப் பெட்டி இருக்குமல்லவா? அதிலிருந்து பழைய தொலைக்காட்சிக்கு மூன்று நிறச் செருகிகள் போகும். மஞ்சள் படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் ஓசைக்கு. மஞ்சள் நன்றாக இருந்து வெள்ளையில் களிம்பேறினால், படம் வரும், பேச்சு வராது. வெள்ளைச் செருகியை இரண்டு மூன்று முறை திருகிச் செருகிப் பாருங்கள். அதிலும் வரவில்லையானால் சிவப்புச் செருகியை எடுத்து வெள்ளைத் துளையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே பேச்சுதான் ஓடுகிறது. செட்டாப் பெட்டியின் கைக்கருவியிலும் தொலைக்காட்சியின் கைக்கருவியிலும் ஓசையடைப்புப் பொத்தான் தனித்தனியே இருப்பதையும் மறக்கலாகாது. தட்டைப் பெட்டியாயின், ஓசை வெளி ஒலிபெருக்கிக்குப் போகட்டும் என்று அமைப்புப் பட்டியலில் யாரேனும் மாற்றிவைத்திருக்கலாம். வீட்டுப் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம்.

அடுத்தது காதுக்குழல் சோதனை. பெட்டியில் காதுக்குழல் செருகும் துளை இருந்தால் செருகிக் கேளுங்கள். அதில் பேச்சு தெளிவாக வந்தால், செய்தி பெட்டிக்குள் நன்றாகவே வந்துசேர்கிறது என்று பொருள். ஐயத்தைப் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் மேலோ அதன் கம்பியின் மேலோ வைக்கலாம். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், சில பெட்டிகளில் காதுக்குழலுக்கென்று வேறொரு சில்லு இருப்பதுண்டு. ஓசை மெல்லியதாக ஆனால் தெளிவாக வந்தால், குறை ஒலிபெருக்கியில் இருப்பது அரிது. அது பலகையைச் சார்ந்த குறை. கரகரவென்று வந்தால் ஒலிபெருக்கியையே ஐயுறுக. விட்டு விட்டு வந்தால் கம்பி இணைப்பை ஐயுறுக.

பெட்டியைத் திறப்பதற்கு முன் சொல்லியே தீர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கி 2011 வரை தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. அவை யாவும் கண்ணாடிப் படக்குழாய் உள்ளவை. அவற்றுள் சில இன்னும் வீட்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. படக்குழாயின் தலைப்பகுதிக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் செல்கிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அக்குழாய் தன் மின்னேற்றத்தை நெடுநேரம் வைத்திருக்க வல்லது. குழாயின் மேல் ரப்பர்க் குல்லாய் போட்ட தடித்த கம்பி ஒன்று போகும். அதன் பக்கமே விரல் போகக் கூடாது. பின்புறம் நீண்டிருக்கும் குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி. தட்டினால் குழாயே வீணாகும், சில்லு தெறிக்கவும் கூடும். தட்டைப் பெட்டியில் படக்குழாய் இல்லை என்று துணிந்துவிடவும் வேண்டா. மின்சாரம் நுழையும் பலகையிலுள்ள பெரிய மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஆகவே என் கருத்து இது. இதற்கு முன் பெட்டியைத் திறந்து பழகாதவர்கள் படக்குழாய்ப் பெட்டியைத் திறக்கவே வேண்டா. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. செட்டாப் பெட்டியின் வெள்ளை, சிவப்புச் செருகிகளைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்து, கணினியோடு வைத்துக்கொள்ளும் சிறிய மின் ஒலிபெருக்கி ஒன்றில் இணைத்துவிடலாம். அதற்கேற்ற இணைப்புக் கம்பி மின்பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். படம் தொலைக்காட்சியில், பேச்சு வெளி ஒலிபெருக்கியில். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் ஒரு மறையைக்கூடக் கழற்றாமல் வீட்டில் பேச்சு வந்துவிடுகிறது. கைப்பழக்கம் வேண்டுவோர் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பழகலாம். பேட்டரிக் கட்டைகளில் ஓடும் அதில் அஞ்ச வேண்டிய மின்னழுத்தம் இல்லை, ஒலிபெருக்கியோ அதே வகை.

திறக்கத் தெரிந்தவர்கள் செருகியைப் பிடுங்கி, நெடுநேரம் காத்திருந்து, தட்டைப் பெட்டியாயின் கட்டிலில் கம்பளி விரித்து அதன் மேல் திரையைக் குப்புறக் கிடத்தி, மறைகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்துக்கொண்டு தொடங்கலாம். ஒலிபெருக்கியிலிருந்து இரு மெல்லிய கம்பிகள் சென்று ஒரு சிறு செருகியில் முடிந்து பலகையில் பொருந்தியிருக்கும். அச்செருகியைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்பு, 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்றின் இரு முனைகளையும் அச்செருகியின் இரு முனைகளில் கண நேரம் தொட்டெடுக்க வேண்டும். ஒலிபெருக்கி நலமாக இருந்தால் 'டப்' என்று ஓசை கேட்கும், காகிதம் துள்ளும். ஓசை வந்தால் கம்பியும் சுருளும் நலம், குறை பலகையில். வராவிட்டால் பேட்டரியை ஒலிபெருக்கியின் முனைகளிலேயே நேராகத் தொட்டுப் பாருங்கள். இப்போது ஓசை வந்தால் கம்பிதான் பழுது. இப்போதும் வராவிட்டால் சுருளோ, சுருளுக்குப் போகும் பின்னற்கம்பியோ அறுந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. பலகையில் செருகி இருக்கும்போது மட்டும் பேட்டரியைத் தொடக் கூடாது, சில்லு பழுதாகும்.

மல்டிமீட்டர் வைத்திருப்போர் ஓம் அளவில் வைத்துப் பார்க்கலாம். 8 ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கி அதில் 6, 7 என்றே காட்டும். அது குறையன்று. எழுதப்பட்ட எண் ஓசைக்குரிய மாறுமின்னோட்டத்தில் அது தரும் தடை. மீட்டர் காட்டுவது கம்பியின் தடை மட்டும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்தது. கரகரப்புக்குச் சோதனை இன்னும் எளிது. இரு கைகளின் பெருவிரல்களையும் காகிதத்தின் நடு வட்டத்துக்கு இருபுறமும் சமமாக வைத்து, மெல்ல உள்ளே அழுத்தி விட வேண்டும். ஓசையின்றிப் போய் வந்தால் நலம்; மணல் அரைபடுவது போலக் கேட்டால் சுருள் உராய்கிறது.

எவற்றைச் சீர்செய்யலாம்? முனையில் களிம்பேறியிருந்தால், இடையஞ்சாவடி வீட்டில் செய்தது போலச் சுரண்டிப் பற்றவைத்தால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் இடும் நவச்சாரத்தையோ அமிலத்தையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நவச்சாரமும் குளோரைடு உப்பே. களிம்பை ஒழிக்கப் போய் அதற்கு வித்திட்டு வருவோம். ரேடியோ வேலைக்கென்று விற்கும் பிசின் உள்ளடங்கிய ஈயக் கம்பியே தக்கது. சால்டரிங் அயர்ன் இல்லாதவர் கம்பியை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதுண்டு. உள்நாட்டில் அது ஆண்டுக் கணக்கில் நிற்கலாம். உப்பளக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்கினால் வியப்பு. காகிதம் சிறிது கிழிந்திருந்தால், மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நீர் கலந்த ஃபெவிகால் தடவி ஒட்டி ஒரு பகல் உலரவிடலாம். பசை மிகுந்தால் காகிதம் கனத்து ஓசை மந்தமாகும். முனையருகே அறுந்த பின்னற்கம்பியை ஒட்டலாம். சுருள் அறுந்தாலும், துருவால் உராய்ந்தாலும், சிறு ஒலிபெருக்கியைப் பழுதுபார்ப்பது வீண் உழைப்பு. திருவிழாவுக்குக் கட்டும் பெரிய ஒலிபெருக்கிகளுக்கே சுருள் மாற்றுவது தகும். துருவுக்கென்று விற்கும் எண்ணெயை உள்ளே பீய்ச்சுவோரும் உளர். காகிதம் எண்ணெய் குடித்து ஊறிப்போவதே அதனால் கண்ட பலன்.

மாற்றுவதென்றால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே சிறந்தது. அதன் முதுகில் ஓம், வாட் என்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஓம் எண் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். கூடியிருந்தால் ஓசை சற்றுக் குறையும், கேடில்லை. குறைந்திருந்தால் பலகையிலுள்ள சில்லு மிகையான மின்னோட்டம் தர நேர்ந்து சூடேறிக் கெடும். எட்டு இருந்த இடத்தில் நான்கை வைத்து, முதல் நாள் ஓசை பெருகியதென்று மகிழ்ந்து, சில நாள்களில் பலகையை இழந்தவர்கள் உண்டு. வாட் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மறைத் துளைகளின் இடைவெளியும் ஆழமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். தட்டைப் பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கி ஒரு நீண்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். அங்கே கூட்டோடு மாற்றுவதே முறை.

படக்குழாய்ப் பெட்டிக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. காந்தம் அருகில் வந்தால் அக்குழாயில் நிறங்கள் திரியும். ரேடியோவைப் பெட்டியை ஒட்டி வைத்தபோது திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை படிந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அதனால் அப்பெட்டிகளில் உள்ள ஒலிபெருக்கியின் காந்தத்தின் மேல் இரும்புக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும். அது காந்தப் புலம் வெளியே கசியாதபடி தடுப்பது. மலிவென்று கிண்ணமில்லாததை வாங்கிப் பொருத்தினால், பேச்சு வரும். முகங்கள் பச்சையாகத் தெரியும்.

இரண்டு ஒலிபெருக்கி உள்ள பெட்டியில் கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்தே இணைக்க வேண்டும். ஒன்று மாறினால், ஒரு காகிதம் வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுத்து, கனத்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கம் தகரம் போலக் கேட்கும். குறி அழிந்திருந்தால் பழைய பேட்டரிச் சோதனையே வழிகாட்டும்: காகிதம் வெளியே துள்ளும்போது பேட்டரியின் கூட்டல் முனை தொட்டிருக்கும் முனையே ஒலிபெருக்கியின் கூட்டல் முனை. தட்டைப் பெட்டிகளைப் பற்றி மேலும் ஒரு சொல். அவற்றில் பலவற்றின் ஒலிபெருக்கிக் கம்பிகள் நான்கும் மின்னோட்டம் செல்வன. ஒன்றுகூட நிலத்தோடு சேர்ந்ததன்று. கழித்தல் கம்பிகள் இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணி அவற்றைச் சேர்த்து முறுக்கினால் சில்லு எரிந்துவிடும்.

மூடுவதற்கு முன், பற்றவைத்த முனைகளின் மேல் வாசலின் ஒரு சிறு துளி தடவிவிடுங்கள். காகிதத்திலும் நடு வட்டத்திலும் படலாகாது. ஓடும் பெட்டி தன் வெப்பத்தால் உள்ளே ஈரத்தைக் குறைத்துக்கொள்கிறது. மூடிவைத்த பெட்டியில் உப்பு நாளெல்லாம் நீர்த்துக் கிடக்கிறது. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிவைத்த வீட்டுப் பெட்டிகள் விரைவில் ஊமையாவதன் காரணம் அதுவே. எனவே மழை நாள்களில் பார்க்க ஏதும் இல்லையென்றாலும் பெட்டியைச் சிறிது நேரம் ஓடவிடலாம். ஓடும்போது மட்டும் மேலே துணி போர்த்தக் கூடாது. கிழக்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே வைத்திருப்போர் வேறு சுவருக்கு மாற்றுவது நன்று. இவற்றையெல்லாம் புரட்டாசியிலேயே செய்துகொள்வது தக்கது. வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவும் இருக்குமானால் அதையும் அன்றே ஓடவிட்டுப் பாருங்கள்; மின்சாரம் நின்ற பிறகு பேசப் போவது அதுதான். பழைய பேட்டரிக் கட்டைகளை அதற்குள்ளேயே விட்டுவைத்தால் அவை கசிந்து, கம்பிச்சுருளுக்கு உப்புக் காற்று செய்வதை அங்குள்ள தகடுகளுக்குச் செய்துவிடும். கட்டைகளைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு, ரேடியோவின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.